போயிங்கா, ஏர்பஸ்ஸா: கையில் இருப்பதும் காலுக்கடியில் கேட்பதும்

"அடியில யாரோ ரம்பம் போட்டு அறுக்கிற மாதிரி இருக்குடா" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். சென்னையில் விமானத்தை அப்போதுதான் பின்னுக்குத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஒரு என்ஜின் ஓடத் தொடங்கியிருந்தது, மற்றது இன்னும் இல்லை. எங்கள் காலுக்கடியில், இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், விட்டு விட்டு ஒரு கரகரப்பு. அம்மாவுக்கு அது மூன்றாவது விமானப் பயணம். முதல் இரண்டிலும் இந்தச் சத்தம் இல்லை. அதனால் ஏதோ உடைந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டார்.

எதுவும் உடையவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தது ஏர்பஸ் ஏ320. அதில் சக்கரத்தையும் இறக்கைத் தகடுகளையும் அசைக்கிற ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்கள் மூன்று தனித்தனிப் பின்னல்களாக ஓடுகின்றன. பச்சை, மஞ்சள், நீலம் என்று பெயர். பச்சைக்கு அழுத்தம் கொடுப்பது இடது என்ஜின், மஞ்சளுக்கு வலது என்ஜின். இந்த இரண்டுக்கும் நடுவே அழுத்தம் சுமார் 500 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அளவு) மேல் வித்தியாசப்பட்டால், பலமானதிலிருந்து பலவீனமானதற்கு உதவி அனுப்ப ஒரு கருவி தானாக இயங்கும். அந்தக் கருவியின் சத்தம்தான் அது. உலகம் முழுக்க அதற்குக் 'குரைக்கும் நாய்' என்று செல்லப்பெயர். அம்மா முதல் இரண்டு முறை போனது போயிங் 737. அதில் இந்த நாய் இல்லை.

இதை அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைத்தது நான் இல்லை, அத்தான். அக்காவின் கணவர். பத்து வருடம் 737 ஓட்டிவிட்டு, வேலை மாறியபோது ஏ320க்குப் போனவர். இரண்டு வீட்டுச் சாப்பாடும் தெரிந்த ஆள். அவரிடம் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துவைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விமானி சொல்வது ஒரு பக்கம், சீட்டில் உட்கார்ந்து போகிற என்னைப் போன்றவர்கள் உணர்வது இன்னொரு பக்கம். இரண்டும் அநேகமாக எந்த இடத்திலும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் எனக்கு முதலில் ஆச்சரியம் தந்த விஷயம்.

சென்னையில் பரங்கிமலை உச்சிக்குப் போனால் விமான நிலையம் மொத்தமும் கீழே விரிந்து தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தான் என்னை அங்கே நிறுத்தி வைத்து, தூரத்தில் ஏறும் விமானத்தின் வயிற்றைப் பார்க்கச் சொன்னார். "சக்கரம் தெரியுதா தம்பி?" தெரிந்தது. இரண்டு கறுப்பு வட்டங்கள் வயிற்றோடு பதிந்திருந்தன. "அப்போ அது 737. அதுக்குப் பின் சக்கரத்தை மூடுற கதவே கிடையாது." அடுத்து வந்த விமானத்தின் வயிறு வழவழவென்று மூடியிருந்தது. ஏ320. அன்றிலிருந்து எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். தரையில் நின்றால் இன்னும் எளிது. 737-ன் மூக்கு கூர்மையாக இருக்கும், காக்பிட்டின் பக்கவாட்டுக் கண்ணாடி கீழே 'வி' போல இறங்கும், வாலின் அடியில் முதுகோடு சேரும் இடத்தில் ஒரு சரிவு இருக்கும். ஏ320-ன் மூக்கு உருண்டை.

அந்தச் சக்கரக் கதவு இல்லாததற்கும் ஒரு கதை உண்டு. 737 முதன்முதலாகப் பறந்தது 1967 ஏப்ரல் 9-ல். சிறிய ஊர்களுக்குப் போகிற விமானமாக அதை வரைந்தார்கள். ஏணி வண்டி இல்லாத இடத்தில் உள்ளிருந்தே படி இறக்கலாம், பெட்டிகளைத் தரையில் நின்றபடி கையாலேயே ஏற்றலாம். அதனால் விமானம் தரையை ஒட்டித் தாழ்வாக உட்கார்ந்தது. கால் குட்டையானதால், சக்கரக் கதவு உட்பட, பாகங்களை முடிந்தவரை குறைத்தார்கள். எழுபதுகளில் இந்தியன் ஏர்லைன்ஸ் 737-200 வாங்கியபோது நம் நாட்டுக்கு அந்தத் தாழ்வு நன்றாகவே பொருந்தியது. அரை நூற்றாண்டு கழித்து அதே குட்டைக்கால் எவ்வளவு பெரிய வினையாக வந்து நின்றது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

737 முதலில் பறந்தபோது ஏர்பஸ் பிறக்கவே இல்லை. 1970-ல் பிரான்சும் ஜெர்மனியும் கைகோத்து உருவாக்கிய கூட்டமைப்பு அது. முதல் விமானமான ஏ300 பறந்தது 1972-ல். சந்தையில் போயிங் மலைபோல நின்றிருந்தபோது, வந்தவர்கள் அதே பண்டத்தைக் கொஞ்சம் மலிவாக விற்றுப் பிழைத்திருக்க முடியாது. வேறு ஒன்றைக் காட்டியாக வேண்டும். 1987 பிப்ரவரி 22-ல் பறந்த ஏ320-ல் அதைக் காட்டினார்கள். விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே இருந்த இரும்புக் கம்பிகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். டிஜிட்டல் 'ஃப்ளை-பை-வயர்' முறையில் பறந்த முதல் பயணிகள் விமானம் அதுதான். இதற்காகப் பிடிவாதமாக நின்றவர் பெர்னார் சீக்லர், ஏர்பஸின் சோதனை விமானி.

அத்தான் மாறியபோது சிமுலேட்டரில் முதல் நாள் என்ன ஆயிற்று என்று ஒரு முறை விவரமாகச் சொன்னார். 737-ல் விமானியின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே யோக் என்ற கைப்பிடி நிற்கும். மாட்டு வண்டிக்காரர் கயிற்றைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்தே பத்து வருடம் ஓட்டியவர். ஏ320-ல் அங்கே ஒன்றும் இல்லை. வெறும் இடம். இழுத்தால் ஒரு சாப்பாட்டு மேசை வரும். ஓட்டுவதற்கு, பக்கவாட்டில் சைட்ஸ்டிக் என்ற ஒரு சின்னக் குச்சி. "முதல் நாள் பூரா கை நடுவுக்குப் போய்ப் போய் வந்துது" என்றார். அதைவிடக் கஷ்டம் கட்டை விரல். 737-ல் வேகம் மாறும்போதெல்லாம் யோக்கின் மேலிருக்கும் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தி விமானத்தை ட்ரிம் செய்துகொண்டே, அதாவது மூக்கு தானாக ஏறாமலும் குனியாமலும் சமன் செய்துகொண்டே, இருக்க வேண்டும். அழுத்தும்போது இருக்கைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு போட்ட பெரிய கறுப்புச் சக்கரம் கடகடவென்று சுற்றும். ஏ320-ல் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறது. சைட்ஸ்டிக்கில் கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அது ட்ரிம் இல்லை. அழுத்தினால், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் கழன்றுவிடும்.

சரி, வித்தியாசம் மேசையிலும் பொத்தானிலும் மட்டும் இருந்தால் யாரும் முப்பது வருடமாக இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். உண்மையான சண்டை, கடைசிச் சொல் யாருடையது என்பதில் இருக்கிறது.

ஏ320-ல் விமானி ஸ்டிக்கை ஒரு பக்கமாக முழுக்கச் சாய்த்து வைத்திருந்தாலும் விமானம் 67 டிகிரிக்கு மேல் சாயாது. மூக்கு 30 டிகிரிக்கு மேல் தூக்காது, 15 டிகிரிக்குக் கீழே குனியாது. வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் என்ஜின்கள் தாமாக முழு விசைக்குப் போகும். எல்லாக் கருவிகளும் ஒழுங்காக இருக்கும்வரை இந்த வேலி நிற்கும். போயிங் இதை ஏற்கவில்லை. அவர்கள் 777-ல் தாங்களும் ஃப்ளை-பை-வயருக்கு வந்தார்கள். 1995-ல் அது பயணிகளோடு பறக்கத் தொடங்கியது. ஆனால் யோக்கை வைத்துக்கொண்டார்கள். வேலியும் வைத்தார்கள், ஆனால் பலமாக இழுத்தால் தாண்டிப் போகலாம். உயிர் போகிற நேரத்தில் விமானத்தை உடைத்தாவது தப்பிக்கிற உரிமை விமானியிடம் இருக்கட்டும் என்பது அவர்கள் கட்சி.

இன்னொன்றும் உண்டு. போயிங்கில் இரண்டு யோக்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பக்கத்தில் இருப்பவர் இழுத்தால் உங்கள் கையிலும் இழுபடும். என்ஜின் விசையைத் தானாகக் கவனிக்கும் ஆட்டோத்ராட்டில் அதைக் கூட்டினால் நடுவிலிருக்கும் லீவரும் கூடவே நகரும். ஏ320-ல் இரண்டு ஸ்டிக்கும் தனித்தனி. ஒருவர் செய்வது மற்றவர் கைக்குத் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டிக்கொள்ளும், 'டூயல் இன்புட்' என்று ஒரு குரல் எச்சரிக்கும். விசை லீவர், மேலே ஏறத் தொடங்கியதிலிருந்து இறங்குவதற்குச் சில நொடி முன்புவரை ஒரே பள்ளத்தில் அசையாமல் கிடக்கும். தரைக்கு 20 அடி உயரத்தில் விமானமே 'ரிடார்ட்' என்று சொல்லி, இழுக்க நினைவுபடுத்தும்.

இதில் எது நல்லது என்று அத்தானிடம் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு விபத்தைச் சொல்வார். விமானிகள் விபத்துகளைப் பற்றிப் பேசும் விதம் நம்மிடமிருந்து வேறு. நாம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தொடங்குவோம். அவர்கள், அந்த நொடியில் அந்த விமானியின் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று தொடங்குவார்கள்.

1990 பிப்ரவரி 14, பெங்களூர். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம் புது ஏ320. ரன்வேயை நோக்கி இறங்கும்போது என்ஜின்கள் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், இருக்கும் முறையிலேயே விமானம் இருந்தது. வேகம் கரைந்துகொண்டே வந்தது. விமானிகள் கவனித்து லீவரைத் தள்ளியபோது உயரம் மிச்சமில்லை. ரன்வேக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்து, 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். பிறகு நாட்டில் இருந்த ஏ320 எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தினார்கள். இதைக் கேட்டதும், லீவர் நகரும் போயிங்காக இருந்தால் கவனித்திருப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. அத்தான் உடனே மறுத்தார். 2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். துருக்கிய விமானம், 737-800. உயரம் காட்டும் ஒரு கருவி தப்பாகக் காட்டியதால், தரைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து ஆட்டோத்ராட்டில் லீவரை ஐடிலுக்கு இழுத்துவிட்டது. லீவர் கண்ணெதிரே நகர்ந்தது. அங்கேயே கிடந்தது. மூன்று விமானிகள் காக்பிட்டில் இருந்தும் நேரத்தில் கவனிக்கவில்லை. ஒன்பது பேர் போனார்கள். 2013 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு 777-ம் இறங்கும்போது வேகம் இழந்து கடல் தடுப்புச் சுவரில் மோதியது.

இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டபிறகுதான் எனக்கு உண்மையில் ஒன்று புரிந்தது. விமானம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று விமானிக்குத் தெரியாத அந்தச் சில நொடிகள்தான் மூன்றிலும் பொது. கம்பெனி எது என்பது இல்லை.

ஏர் பிரான்ஸ் 447 இதில் எனக்கு மிகவும் வலிக்கிற கதை. 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏ330. அட்லாண்டிக் நடுவில் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனி அடைத்தது. வேகம் தெரியாததால் ஆட்டோபைலட் கழன்றது, நான் மேலே சொன்ன வேலியும் விலகியது. இருட்டில், புயல் மேகத்துக்குள், துணை விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். விமானம் ஏறி, காற்றின் பிடியை இழந்து, மூக்கு தூக்கியபடியே கீழே விழத் தொடங்கியது. மூன்றரை நிமிடம். பக்கத்தில் இருந்தவர் கையில் இருந்த ஸ்டிக் அசையவில்லை என்பதால், இவர் இழுத்துக்கொண்டே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழி குறைவு. அதைவிடக் கொடுமை, வேகம் மிகவும் குறைந்தபோது, இறக்கை காற்றின் பிடியை இழக்கிறது என்று கத்தும் ஸ்டால் எச்சரிக்கை நின்றுவிட்டது. மூக்கை இறக்கினால், அதாவது சரியானதைச் செய்தால், மறுபடி கத்தியது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதே 2009-ல் ஜனவரி 15-ம் நாள் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு என்ஜினும் செத்த ஏ320-ஐ அதன் விமானி சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். கடைசி நொடிகளில் அவர் ஸ்டிக்கைப் பலமாகப் பின்னுக்கு இழுத்திருந்தார். விமானம் ஸ்டால் ஆகாமல் அந்த வேலி பிடித்துக்கொண்டது. விமானியின் திறமையை இது ஒரு துளியும் குறைக்காது. ஆனால் இதே வேலிதான் 447-ல் தேவைப்பட்ட நொடியில் இல்லை.

இவ்வளவு காலமும் போயிங் பக்கம் நின்றவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. எங்கள் விமானம் விமானிக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யாது என்பது. 'போயிங் இல்லையென்றால் நான் போகப்போவதில்லை' என்று ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு வாசகமே உண்டு, சட்டையில் அச்சிட்டு விற்பார்கள். அந்தப் பெருமையை உடைத்தது ஏர்பஸ் இல்லை, போயிங்கேதான்.

2010 டிசம்பரில் ஏர்பஸ் ஏ320நியோவை அறிவித்தது. புதிய, பெரிய, எரிபொருள் சிக்கனமான என்ஜின். அடுத்த ஆண்டே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் வாங்க முன்வந்ததும் போயிங் பதறியது. புதிய விமானம் வரைய வருடங்கள் ஆகும். அதனால் 737-லேயே புது என்ஜின் மாட்ட முடிவெடுத்தார்கள். அதுதான் 737 மேக்ஸ். அங்கேதான் 1967-ன் குட்டைக்கால் வந்து நின்றது. நியோவில் மாட்டும் லீப் என்ஜினின் விசிறி 78 அங்குலம். 737-க்கு 69 அங்குலத்துக்குக் குறுக்க வேண்டியிருந்தது, அப்படியும் அதை இறக்கைக்கு முன்னாலும் மேலேயும் தள்ளித்தான் மாட்ட முடிந்தது. அதனால் சில நிலைகளில் மூக்கு தானாகத் தூக்கப் பார்த்தது. அதைச் சரிக்கட்ட எம்காஸ் என்று ஒரு மென்பொருள். மூக்கு அதிகம் தூக்கியதாக நினைத்தால் அது வாலை அசைத்து மூக்கைக் கீழே தள்ளும்.

அந்த மென்பொருள், காற்றுக்கு எதிரே மூக்கின் கோணத்தை அளக்கும் ஒரே ஒரு சென்சாரை நம்பியது. திரும்பத் திரும்பத் தள்ளும்படி எழுதியிருந்தார்கள். அதன் பெயர் விமானிகளின் கையேட்டிலேயே இல்லை. விமானிகளுக்குப் புதிதாக சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படக் கூடாது என்பது விற்பனையின் ஆதாரமாக இருந்தது. தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2018 அக்டோபர் 29-ல் லயன் ஏரின் மேக்ஸ் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் மேக்ஸ், அடிஸ் அபாபா அருகே, 157 பேர். அடிஸ் அபாபாவில் அந்த விமானிகள், மென்பொருள் இயக்கிய ட்ரிம் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நான் சொன்ன அந்தக் கறுப்புச் சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தார்கள். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தத்துக்கு எதிராகச் சக்கரம் அசையவில்லை.

அத்தான் அப்போது 737 ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "என் கைக்குக் கீழே இன்னொரு கை இருக்குன்னு எனக்கே சொல்லல, தம்பி" என்றார். ஏர்பஸ் கம்ப்யூட்டர் வைத்தது என்றால், அது எங்கே குறுக்கிடும் என்று முதல் நாளிலிருந்து எழுதிக் கொடுத்து, சிமுலேட்டரில் செய்து காட்டிப் பழக்கியது. போயிங் விமானிக்குத்தான் கடைசிச் சொல் என்று சொல்லிக்கொண்டே, அதை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டது. என்னால் இன்றுவரை மன்னிக்க முடியாதது இதுதான். பிழை எல்லாருக்கும் வரும். மறைத்தது வேறு.

2024 ஜனவரி 5-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9-ல் பறக்கும்போதே கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்த பலகை பிய்த்துக்கொண்டு போனதே, அதிலும் இருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளைத் தொழிற்சாலையிலேயே திரும்ப மாட்டவில்லை. கழற்றியதற்கான எழுத்துப் பதிவே இல்லை. விமானம் செய்கிற இடத்தில் எழுதாமல் ஒரு போல்ட்டைக் கழற்றுவது என்பதைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது.

ஏர்பஸ்காரர்களும் நெஞ்சை நிமிர்த்த முடியாது. 2025 நவம்பர் கடைசியில், கடுமையான சூரியக் கதிர்வீச்சு ஏ320-ன் ஒரு கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரின் தரவைக் கெடுக்கலாம் என்று தெரிந்து, உலகமெங்கும் சுமார் 6,000 விமானங்களில் மென்பொருளைச் சரிசெய்யச் சொன்னார்கள். நம் ஊர் விமானங்களும் அதில் இருந்தன. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மொத்த எண்ணிக்கையில் ஏ320 குடும்பம் 737-ஐ முந்தியிருந்தது. ஆனால் தெரிந்த பிறகு மறைக்காமல் வெளியே சொல்லி நிறுத்தினார்கள் என்பதை நான் கவனிக்கிறேன்.

இனி என் சீட்டுக்கு வருகிறேன். பயணிக்கு ஸ்டிக்கும் தெரியாது, யோக்கும் தெரியாது. அவருக்குத் தெரிவது பக்கத்து ஆளின் முழங்கை. இங்கே ஏ320-க்கு ஒரு தெளிவான வெற்றி உண்டு, அதன் காரணம் பலருக்குத் தெரியாது. 737-ன் உடம்பு அகலம் 1950-களில் போயிங்கின் பழைய 707-க்காக முடிவு செய்தது. போட்டி விமானமான டிசி-8-ன் அகலம் 147 அங்குலம் என்று தெரிந்து போயிங் 148 அங்குலமாக்கியது. அந்த 148-தான் இன்று மேக்ஸிலும் இருக்கிறது. உள்ளே அளந்தால் 3.54 மீட்டர். எண்பதுகளில் புதிதாக வரைந்த ஏ320-ல் உள்ளே 3.70 மீட்டர். பதினாறு சென்டிமீட்டர், ஆறு சீட்டுக்கும் நடைபாதைக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு ஓர் அங்குலம்போல. தோள் அகலமான இரண்டு பேருக்கு நடுவே நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த அங்குலத்தின் விலை தெரியும். முழங்காலுக்கு முன்னால் எவ்வளவு இடம் என்பதை மட்டும் இந்த இரண்டு கம்பெனிகளும் தீர்மானிப்பதில்லை. அது விமானச் சேவை நிறுவனத்தின் கணக்கு.

பெரிய விமானங்களில் இந்தக் கணக்கு இன்னும் கசப்பாகத் தெரிகிறது. 777 வந்தபோது எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதே அகலத்தில் பத்துப் பேரை உட்கார வைக்கின்றன. 787-ஐ எட்டு பேருக்கு என்று வரைந்தார்கள், கிட்டத்தட்ட எல்லாரும் ஒன்பதாக்கினார்கள். ஏ330-ல் இரண்டு-நான்கு-இரண்டு என்ற பழைய வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, ஜோடியாகப் போகிறவர்களுக்கு அது போல ஒரு சுகம் இல்லை. நீண்ட பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது நான் கம்பெனி பெயரைப் பார்ப்பதில்லை, வரிசைக்கு எத்தனை பேர் என்று பார்க்கிறேன்.

ஆனால் 787-க்குப் பயணிகள் கடன்பட்டிருக்கிறோம். பழைய அலுமினிய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்று 8,000 அடி மலையில் நிற்பதுபோல வைத்திருப்பார்கள். அதாவது கொடைக்கானலைவிட உயரத்தில் பத்து மணி நேரம். 787-ன் உடம்பு கார்பன் இழைகளால் ஆனது. அது உலோகம்போல அழுத்தத்தில் களைப்பதில்லை, ஈரத்தில் துருப்பிடிப்பதில்லை. அதனால் உள்ளே 6,000 அடி, காற்றிலும் கொஞ்சம் கூடுதல் ஈரம். இறங்கும்போது தலை கனக்காததை நான் முதல் முறையே உணர்ந்தேன். ஏர்பஸ் ஏ350-ல் இதையே பின்பற்றியது, சீட்டும் அகலம், சத்தமும் குறைவு. 787-ன் பெரிய ஜன்னலில் திரைக்குப் பதிலாகப் பொத்தான். பணிப்பெண்கள் எல்லா ஜன்னலையும் ஒரே அடியாக நீலமாக இருட்டிவிட முடியும். கீழே நிலம் தெரிய வேண்டும் என்று ஜன்னலோரம் கேட்டு வாங்கியவருக்கு அது ஒரு பெரிய நஷ்டம்.

பயணிகள் மனதாரக் காதலித்த விமானம் ஏ380தான். அதை 251-ஓடு நிறுத்திவிட்டார்கள். நான்கு என்ஜினுக்கு எண்ணெய் ஊற்ற யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. போயிங்கின் 747-ம் 2023 ஜனவரியில் 1,574-வது விமானத்தோடு முடிந்தது. நம் காதல் வேறு, வாங்குகிறவர் கணக்கு வேறு.

விமானியும் பயணியும் நேரெதிராக நிற்கும் இடம் இறக்கம். ரன்வேயில் பட்டும் படாமலும் இறக்கினால் நாம் மனதுக்குள் கைதட்டுகிறோம். டொக்கென்று இறக்கினால் போயிங்கே இப்படித்தான் என்கிறோம். அத்தானுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. மழை பெய்த ரன்வேயில் வேண்டுமென்றே அழுத்தித்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் டயர் நீர்ப் படலத்தைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும். மெதுவாக வைக்கிறேன் என்று மிதந்துகொண்டே போனால் ரன்வே தீர்ந்துவிடும். 2010 மே மாதம் மங்களூரில் அப்படி ரன்வேயைத் தாண்டி ஓடியது, 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில் கோழிக்கோடு, மழை இரவு, ரன்வேயின் ஏறத்தாழப் பாதியில் சக்கரம் பட்டது, 21 பேர். இரண்டும் 737-800. இரண்டு விசாரணையும் குறை சொன்னது விமானத்தை இல்லை, இறங்கிய முறையை. அடுத்த முறை மழையில் விமானம் தடாலென்று இறங்கினால் முகம் சுளிக்காதீர்கள் என்று இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320-ஐப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். உலகில் மற்ற ஏ320 எல்லாவற்றிலும் பக்கத்துக்கு இரண்டு பின் சக்கரம். நம்முடையதில் மட்டும் நான்கு. நம் ஊர் ரன்வேக்கள் அவ்வளவு கனத்தைத் தாங்காது என்று கேட்டு வாங்கியது. அந்த நான்கு சக்கரத்தைத் தொடர்ந்து படம் எடுக்காமல் விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அவை போய்விட்டன. இன்று நம் நாட்டில் பறப்பதில் பெரும்பகுதி ஏ320தான். 2005-ல் இன்னும் ஒரு விமானம்கூடப் பறக்காத இண்டிகோ நூறு ஏ320 கேட்டபோது தொடங்கியது அது. ஒரே வகை என்றால் எந்த விமானியும் எந்த விமானத்தையும் எடுக்கலாம், உதிரி பாகமும் ஒன்றே. 2023 ஜூனில் அதே நிறுவனம் 500 கேட்டது. ஆகாசாவும், பெரும்பாலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் மேக்ஸ் பக்கம்.

அத்தானிடம் போன மாதம் மறுபடி கேட்டேன், எதில் உட்கார உங்களுக்குப் பிடிக்கும் என்று. ஓட்டுவதற்கு 737 என்றார், கைக்குப் பதில் சொல்கிற விமானம் அது என்றார். ஆனால் இரவு மூன்று மணிக்கு, நாலாவது ட்ரிப்பில், மழையில், ஏதோ ஒரு சிவப்பு விளக்கு எரியும்போது ஏ320. அதில் என்ன பழுது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று திரையிலேயே வரிசையாக வந்து நிற்கும். 737-ல் புத்தகத்தை எடுத்துப் புரட்ட வேண்டும். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

வருகிற மாதம் அம்மா தனியாக டில்லிக்குப் போகிறார். நேரம் ஒத்துவந்தது ஒரு 737 மேக்ஸ்தான். இரண்டு நாள் யோசித்தேன். இன்று எம்காஸ் இரண்டு சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது, இரண்டும் முரண்பட்டால் வேலை செய்யாது. ஒரு முறைக்கு மேல் தள்ளாது, விமானி இழுத்தால் அவர் கைதான் ஜெயிக்கும். விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். இதையெல்லாம் அத்தானிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு டிக்கெட் எடுத்தேன். ஜன்னலோரச் சீட். அம்மாவிடம் சொன்னேன், இந்த முறை நாய் குரைக்காது, ஆனால் ஏறியதும் சக்கரம் உள்ளே போகும்போது தடதடவென்று கேட்கும், பயப்படாதே என்று.

"சக்கரத்துக்குக் கதவு இல்லாதது தானே அது?" என்று கேட்டார் அம்மா. அத்தான் அவருக்கும் சொல்லியிருக்கிறார்.